பான்டூன் மிதவைக்கு எந்த டிரெய்ன் பிளக்? மாட்டியும் கழற்றியும் பார்த்ததில் தெரிந்தவை

பான்டூன் படகின் (குழாய் மிதவைகளின் மேல் தளம் போட்ட படகு) மிதவைக்கு டிரெய்ன் பிளக், அதாவது உள்ளே போன தண்ணீரை வடிக்கும் ஓட்டைக்கான அடைப்பான், வாங்கும்போது எல்லாரும் "நல்லா சீல் ஆகுமா?" என்றுதான் கேட்கிறார்கள். நான் மாட்டிப் பார்த்த வகைகள் எல்லாமே முதல் நாள் ஒழுங்காக மாட்டினால் சீல் ஆகத்தான் செய்கின்றன. வித்தியாசம் தெரிவது கழற்றும்போது. ஒரு சீசன் முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்த பிளக், ஸ்பேனரை வைத்ததும் அலட்டாமல் சுழன்று வருகிறதா, இல்லை மிதவையின் மரையையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வருகிறதா என்று பார்த்துதான் இங்கே ஒவ்வொன்றுக்கும் நல்லது கெட்டது சொல்லப்போகிறேன். உள்ளே போன தண்ணீரை எடுக்க உதவும் பம்புகளைப் பற்றியும் கடைசியில் இருக்கிறது, அவசரம் உள்ளவர்கள் அங்கேயே போய்விடலாம்.

முதலில் மிதவை. அலுமினிய மிதவை என்பது பெரும்பாலும் 23 முதல் 27 அங்குல விட்டமுள்ள நீளக் குழாய், சுவரின் கனம் 2 மி.மீ.யிலிருந்து 3 மி.மீ. வரை இருக்கும். உள்ளே குறுக்கே தகடு வைத்து வெல்டிங் செய்து சில அறைகளாகப் பிரித்திருப்பார்கள், ஒன்றில் ஓட்டை விழுந்தாலும் மற்றவை படகைத் தாங்கட்டும் என்று. நல்ல ஏற்பாடுதான், ஆனால் தண்ணீர் வடிக்கும்போது இதுவே தலைவலி. சிலர் எல்லா அறைகளையும் முழுசாக அடைத்துவிடுகிறார்கள், பிளக்கே கிடையாது. சிலர் பின்பக்க அறைக்கு மட்டும் ஒன்று கொடுக்கிறார்கள். இன்னும் சிலவற்றில் குறுக்குத் தகட்டின் அடியில் சிறு துளை இருக்கும், பின்னால் திறந்தால் முன் அறைத் தண்ணீரும் மெதுவாக ஊர்ந்து வந்துவிடும். உங்களுடையது எந்த ரகம் என்று தெரிந்துகொள்ளாமல் பிளக்கில் காசு போடாதீர்கள். பின்பக்கப் பிளக்கைத் திறந்து ஒரு சொட்டும் வரவில்லை என்றால் மிதவை காய்ந்திருக்கிறது என்று அர்த்தமில்லை, நடு அறை நிறைந்து கிடக்கலாம். படகை டிரெய்லரில் ஏற்றிவிட்டு ரப்பர் சுத்தியலால் அடியிலிருந்து மேலே தட்டிக்கொண்டே வந்தால் தண்ணீர் நிற்கும் மட்டம் வரை 'டொக்' என்று மந்தமாகவும் அதற்கு மேலே கணீரென்றும் கேட்கும். ஈரப்பதமான காலையில் தட்டக்கூட வேண்டாம், தண்ணீர் இருக்கும் உயரம் வரை மிதவையின் வெளிப்பக்கம் வியர்த்து, நேர்கோடு போட்டது போல் தெரியும்.

கொஞ்சம் தண்ணீர்தானே என்று விடக்கூடிய விஷயமும் இல்லை. 60 செ.மீ. விட்டம், 2 மீட்டர் நீளம் உள்ள ஓர் அறையின் கொள்ளளவு ஏறத்தாழ 565 லிட்டர். கால்வாசி நிறைந்தாலே 140 கிலோ. அந்த 140 கிலோ ஓர் இடத்தில் உட்கார்ந்திருந்தாலாவது பரவாயில்லை, முடுக்கினால் பின்னால் ஓடும், நிறுத்தினால் முன்னால் ஓடும், ஒரு பக்க மிதவையில் மட்டும் இருந்தால் படகு அந்தப் பக்கமாகவே சாய்ந்து நிற்கும். இன்ஜின் இழுவை குறைந்துவிட்டது என்று புரொப்பல்லரை மாற்றிக்கொண்டிருக்கும் எத்தனையோ பேர் முதலில் பார்க்க வேண்டியது மிதவையை.

சரி, பிளக்குக்கு வருவோம்.

பித்தளை மரை பிளக்தான் எங்கும் எளிதாகக் கிடைப்பது. கையில் எடுத்தால் கனமாக, நம்பிக்கையாக இருக்கும், மரை சுத்தமாக வெட்டியிருப்பார்கள், தலை வட்டமாகத் தேயாது. பிளக்காக அதில் ஒரு குறையும் இல்லை, அதை அலுமினியத்தில் மாட்டுவதுதான் குறை. இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு தண்ணீருக்குள் கிடந்தால் ஒன்று மற்றொன்றை அரிக்கும், இந்த ஜோடியில் அரிபடுவது அலுமினியம், அதாவது உங்கள் மிதவை. நல்ல தண்ணீரில் மெதுவாக நடக்கும், உப்புத் தண்ணீரில் வேகமாக நடக்கும். பிளக்கைச் சுற்றி வெள்ளையாக, ஈரமான சுண்ணாம்பு மாதிரி ஒரு பொடி பூத்திருந்தால் அரிப்பு நடந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பொடி மரைக்குள் நெருக்கி உட்கார்ந்துகொண்டு பிளக்கைத் திருப்பவே விடாது. நீளக் கைப்பிடி போட்டு மல்லுக்கட்டித் திருப்பினால் பித்தளை மரை பளபளவென்று அப்படியே இருக்கும், அலுமினிய மரைதான் சுருள் சுருளாகக் கையோடு வரும். ஏற்கனவே உங்கள் படகில் பித்தளைதான் இருக்கிறது, நல்ல தண்ணீரில் மட்டும்தான் ஓட்டுகிறீர்கள் என்றால் உடனே பதற வேண்டாம், ஒவ்வொரு முறை படகைத் தரையில் ஏற்றும்போதும் கழற்றித் துடைத்து மாட்டுங்கள். கடல், உப்பங்கழி என்றால் மாற்றிவிடுங்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிளக்கைப் பலர் பித்தளையைவிட உயர்ந்தது என்று நினைத்து வாங்குகிறார்கள். துருப்பிடிக்காது என்பது சரிதான், ஆனால் அரிப்பு விஷயத்தில் அதுவும் அலுமினியத்துக்கு எதிரிதான், போதாக்குறைக்கு இறுக்கும்போதே மரையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் குணமும் உண்டு. மாட்டியே ஆக வேண்டும் என்றால் டெஃப்-ஜெல் மாதிரி உலோகங்களைப் பிரித்துவைக்கும் பசையை மரை முழுக்கத் தடவி மாட்டுங்கள். மரை சிக்கிக்கொள்ளாமல் இருக்க ஆன்டி-சீஸ் என்று விற்கும் பசையில் செம்புத்தூள் கலந்த வகை இருக்கிறது, அதை அலுமினியத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள், அது அரிப்பைக் கூட்டும்.

மாட்டிக்கொண்ட உலோகப் பிளக்கைக் கழற்ற ஒரு வழி சொல்லிவிடுகிறேன், இது நிறைய மிதவைகளைக் காப்பாற்றும். அலுமினியம் சூட்டில் பித்தளையையும் ஸ்டீலையும்விட அதிகமாக விரியும். ஆகவே பிளக்கைச் சூடாக்காமல் அதைச் சுற்றியுள்ள அலுமினியத்தை ஹீட் கன் வைத்து நிதானமாகச் சூடாக்கினால் பிடி தளரும். நெருப்பு ஜ்வாலை வேண்டாம். மூடிய அறையைச் சூடாக்கினால் உள்காற்றும் விரியும் என்பதால் மேலே வென்ட் பிளக் (காற்று போய்வரும் துளையின் மூடி) இருந்தால் முதலில் அதைத் திறந்துவிடுங்கள். சூடாக்கியதும் நேரே கழற்றப் பார்க்காமல் இறுக்கும் திசையில் இம்மியளவு அசைத்துவிட்டு அப்புறம் கழற்றினால் இன்னும் நல்லது.

அடுத்தது நைலான். பார்க்க மலிவாக, பொம்மைச் சாமான் மாதிரி இருக்கிறதே என்று ஒதுக்கிவிடாதீர்கள், மரை வகையில் எனக்குப் பிடித்தது இதுதான். அலுமினியத்தை அரிக்காது, கையாலேயே பெரும்பகுதி திருகிவிடலாம், முக்கியமாக, ஏதாவது ஒன்று உடைந்தே தீர வேண்டும் என்றால் பிளக்தான் உடையும், மிதவையின் மரைக்கு ஒன்றும் ஆகாது. தலை முறிந்து உடல் உள்ளே நின்றுவிட்டாலும் சூடான கத்தி நுனியால் நடுவில் ஒரு பள்ளம் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்துவிடலாம். குறைகளும் உண்டு. நைலான் தண்ணீரை உறிஞ்சிக் கொஞ்சம் உப்பும், அதனால் ஊறிய பிளக் மாட்டிய நாளைவிட இறுக்கமாக இருக்கும், இதைத் தெரிந்துகொண்டு முதலிலேயே வெறி பிடித்தது போல் இறுக்காமல் விட வேண்டும். வெயிலில் வருடக்கணக்கில் கிடந்தால் நொறுங்கும் தன்மை வந்துவிடும், கறுப்பு நிறத்தில் வருவது வெள்ளையைவிட வெயிலைத் தாங்கும். தரையில் உரசும் இடத்தில் பிளக் இருந்தால், மணல் கரையில் படகை இழுத்து ஏற்றுகிறவர் என்றால், தலை வெளியே நீட்டாமல் உள்ளே பதிந்து உட்காரும் வகையாகப் பாருங்கள்.

மரை பிளக் எதுவானாலும் ஒரு பொறி இருக்கிறது, கடைக்காரர்களே இதில் குழப்புகிறார்கள். அரை அங்குலப் பிளக் என்று கேட்டால் இரண்டு ரகம் கிடைக்கும், அமெரிக்க முறையான என்பிடி ஒன்று, பிரிட்டிஷ் முறையான பிஎஸ்பி ஒன்று. அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்குமே ஓர் அங்குலத்துக்கு 14 மரை, அதனால் ஒன்றில் ஒன்று ஏறிவிடும், ஏறுவதைப் பார்த்து சரியான பிளக் என்றே தோன்றும். ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 60 டிகிரி, மற்றதில் 55 டிகிரி, விட்டத்திலும் சின்ன வித்தியாசம் உண்டு. கசிவைத் தடுக்கும் டெஃப்லான் டேப் எத்தனை சுற்று சுற்றினாலும் ஓயாமல் கசிகிற பிளக்குகளில் கொஞ்சம் இந்தக் கேஸ்தான். ஒரு அங்குல அளவில் இந்தத் தொல்லை இல்லை, மரை எண்ணிக்கையே வேறு என்பதால் கொஞ்சம் ஏறியதும் சிக்கி நின்றுவிடும். படகு எந்த நாட்டுத் தயாரிப்பு என்று பார்த்து, முடிந்தால் பழைய பிளக்கையே கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள்.

டெஃப்லான் டேப் பற்றி ஒரு வார்த்தை. சரிவு மரைக்கு (நுனியை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும் மரை) இரண்டு மூன்று சுற்றுப் போதும், பிளக்கின் முனையை உங்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கடிகாரம் சுழலும் திசையில் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் திருகும்போது டேப் உருண்டு வெளியே வந்துவிடும். டேப் மரையை வழுக்கலாக்குகிறது, அதனால் நாம் நினைப்பதைவிட அதிகமாகவே இறுக்கிவிடுவோம், சரிவு மரை ஆப்பு மாதிரி வேலை செய்வதால் பிளக் திருகி உட்காரும் மெல்லிய அலுமினிய சாக்கெட் வெல்டிங்கிலேயே விரிசல் விட்டுவிடும். கையால் இறுகிய பிறகு ஸ்பேனரில் ஒன்று, மிஞ்சிப்போனால் ஒன்றரைச் சுற்று. படகுக்கென்று விற்கும் 3எம் 5200 பசையைப் பிளக் மரையில் போடவே கூடாது, அது நிரந்தரமாக ஒட்டுவதற்கென்றே செய்தது, கழற்ற வேண்டிய பொருளில் அதற்கு வேலையே இல்லை.

ரப்பர் விரியும் பிளக், அதாவது நடுவில் உள்ள நெம்புகோலை மடக்கினாலோ திருகினாலோ ரப்பர் பிதுங்கி ஓட்டையை அடைக்கும் வகை, இதை நான் மிதவைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். கருவி இல்லாமல் நொடியில் மாட்டலாம் கழற்றலாம் என்பது உண்மை, சாதாரணப் படகின் பின்பலகையில் உள்ள வடிகால் ஓட்டைக்கு அருமையான சாமான். அங்கே கசிந்தால் கண்ணில் படும், படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்ற பில்ஜ் பம்ப் இருக்கிறது. மிதவைக்குள் கசிந்தால் யாருக்கும் தெரியாது. வழுவழுப்பான, சரியான அளவு குழாய் இருந்தால்தான் அந்த ரப்பர் பிடிக்கும், 2 மி.மீ. தகட்டில் போட்ட வெறும் ஓட்டையில் அதற்குப் பிடிமானமே இல்லை. அழுத்தத்திலேயே மாதக்கணக்கில் வைத்தால் ரப்பர் அந்த வடிவத்திலேயே இறுகிப்போய் அடுத்த முறை விரியாது. மிதந்து வரும் கட்டை ஒன்று நெம்புகோலில் தட்டினால் திறந்துகொள்ளவும் வாய்ப்பு உண்டு. அவசரத்துக்கு ஒன்று பெட்டியில் இருக்கட்டும், அவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் நான் முதலிடம் கொடுப்பது வெல்டிங் செய்த அலுமினிய சாக்கெட்டில் உட்காரும் அலுமினியப் பிளக், நேர் மரை, கழுத்தில் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம். இங்கே தண்ணீரைத் தடுப்பது ஓ-ரிங், மரையின் வேலை அதை அழுத்திப் பிடிப்பது மட்டும். அதனால் இறுக்கிக் கொல்ல வேண்டியதில்லை, டேப் வேண்டியதில்லை, ஒரே உலோகம் என்பதால் அரிப்புச் சண்டையும் இல்லை. அலுமினியத்தின் மேல் அலுமினியம் உலர்ந்து திரும்பினால் கவ்விக்கொள்ளும், ஆகவே ஒவ்வொரு முறையும் மரைன் கிரீஸ் தடவித்தான் மாட்ட வேண்டும், இதை மட்டும் மறக்கவே கூடாது. ஓ-ரிங்கைக் கையில் எடுத்து உருட்டிப் பாருங்கள், வட்டமாக இருக்க வேண்டிய குறுக்குவெட்டு ஒரு பக்கம் தட்டையாகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. இந்தப் பிளக்கின் ஒரே பெரிய குறை, இதற்கென்றே செய்த சாக்கெட் வேண்டும், நல்ல வெல்டர் வேண்டும்.

பிளக்கே இல்லாத மிதவையில் புதிதாகப் போடுகிறவர்கள் கவனிக்க: சுவரில் ஓட்டை போட்டு அதிலேயே மரை வெட்டலாம் என்று சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். அங்குலத்துக்கு 14 மரை என்றால் ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடையே 1.8 மி.மீ., உங்கள் சுவரே இரண்டரை மி.மீ. என்றால் பிளக்கைப் பிடித்திருப்பது மொத்தமே ஒன்றரை மரை. சாக்கெட் வெல்டிங் செய்வதுதான் ஒரே ஒழுங்கான வழி. ஒவ்வோர் அறைக்கும் பின்கோடியில், அடிமட்டத்தில் ஒன்று, அதே அறைக்கு மேல்பக்கம் சின்னதாக ஒரு வென்ட். வென்ட் போடுவதைச் செலவு என்று விட்டுவிடுகிறார்கள், ஆனால் அது இல்லாமல் அடிப் பிளக்கை மட்டும் திறந்தால் வெளியே போகும் தண்ணீரும் உள்ளே வரும் காற்றும் ஒரே ஓட்டைக்குச் சண்டை போட்டு 'குளுக் குளுக்' என்று விட்டு விட்டுத்தான் வடியும். அடிப் பிளக்கைத் தரையில் ஏற்றிய பிறகுதான் திறக்க வேண்டும், டிரெய்லரில் முன்பக்கத்தை ஜாக்கியால் நன்றாகத் தூக்கிவிட்டால் கடைசிச் சொட்டு வரை பின்னால் வந்துவிடும்.

வடித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது, எப்படி வந்தது என்று பார்த்தே ஆக வேண்டும். "உள்ளே வியர்த்த தண்ணீர்தான்" என்று ஒரு பதில் எங்கும் சுற்றுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 30 டிகிரி வெப்பத்தில் காற்று முழு ஈரத்தோடு இருந்தால்கூட ஒரு கனமீட்டரில் இருப்பது 30 கிராம் நீராவி. 500 லிட்டர் அறையில் 15 கிராம், ஒரு மேசைக்கரண்டி. வாளிக்கணக்கில் வந்தால் அது வியர்வை இல்லை, கசிவு.

அந்தக் கசிவுக்குப் பெரிய விரிசல் ஒன்றும் தேவையில்லை. வெயிலில் டிரெய்லரில் நின்ற மிதவை தொட முடியாத அளவுக்குச் சுட்டிருக்கும், அதை அப்படியே குளிர்ந்த தண்ணீரில் இறக்குகிறோம். உள்காற்று 45 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு இறங்கினால் மூடிய அறையின் அழுத்தம் 8 சதவீதம் குறையும், அது 80 செ.மீ. உயரத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம். ஊசி முனை அளவு வெல்டிங் துளையோ கிரீஸ் இல்லாத ஓ-ரிங்கோ போதும், மிதவை தானாகவே தண்ணீரை உறிஞ்சும். நின்றுகொண்டிருக்கும்போது கசியாத பிளக் இறக்கும் அந்தச் சில நிமிடங்களில் மட்டும் கசிவது இதனால்தான். தண்ணீரில் இறக்குமுன் மேல் வென்டைத் திறந்து வைத்து, மிதவை குளிர்ந்ததும் மூடுகிற பழக்கம் இருந்தால் உறிஞ்சும் வேலை பாதிக்கு மேல் அடங்கிவிடும்.

துளையைக் கண்டுபிடிக்க உள்ளே காற்றேற்றி வெளியே சோப்புத் தண்ணீர் பூசிப் பார்ப்பார்கள், சரியான முறைதான். ஆனால் கம்ப்ரஸரை நேரடியாக மாட்டாதீர்கள். 60 செ.மீ. விட்டமுள்ள குறுக்குத் தகட்டில் 1 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) அழுத்தம் என்பது சுமார் 200 கிலோ தள்ளுவதற்குச் சமம். 2 பிஎஸ்ஐக்கு மேல் போகத் தேவையே இல்லை, காற்று மெத்தைக்கு அடிக்கும் கால்பம்பு போதும்.

இப்போது பம்புகள். படகு தண்ணீரில் இருக்கும்போதே எடுக்க வேண்டும், மேலே வென்ட் இருக்கிறது என்றால் குழாயை விட்டு உறிஞ்சுவதுதான் வழி. மிதக்கும் படகில் குழாய் வழியே தண்ணீரைத் தானாகக் கீழே இறங்க விடும் சைஃபன் வேலைக்கு ஆகாது, உள்ளே உள்ள தண்ணீர் மட்டம் வெளி மட்டத்துக்குக் கீழே இருக்கும். நீளக் குழல் வடிவக் கைப்பம்பு வென்ட் ஓட்டைக்குள் நுழையாது என்பதால் இதற்கு உதவாது, வாங்க வேண்டாம். குழாய் மாட்டும் கைப்பம்பு, உறிஞ்சும் பக்கம் மெல்லிய குழாய் பொருத்த வசதியுள்ளது, மெதுவாக ஆனால் நம்பகமாக வேலை செய்கிறது, மின்சாரம் வேண்டாம், பெட்டியில் போட்டு வைத்துவிடலாம். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். டிரில்லில் மாட்டும் சின்ன பம்ப் வேகமானது, நிறைய தண்ணீர் இருந்தால் அதுதான் சரி, ஆனால் உள்ளே உள்ள ரப்பர் சிறகு உலர்ந்து சுற்றினால் சீக்கிரமே எரிந்து போகும். அடிமட்டத்துக்கு வரும்போது காற்றும் தண்ணீருமாக இழுக்கத் தொடங்கும், அந்தச் சத்தம் மாறியதும் நிறுத்திவிடுங்கள். எந்தப் பம்பானாலும் குழாய் உள்ளே தெரிகிற மாதிரி கண்ணாடி போல் தெளிவான பிளாஸ்டிக் குழாயாக இருக்கட்டும், அப்போதுதான் காற்று வருகிறதா தண்ணீர் வருகிறதா என்று தெரியும், உள்ளே விடும் முனையைச் சாய்வாக வெட்டுங்கள், நேராக வெட்டினால் அடித்தகட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். குழாயைச் சுற்றிக் காற்று நுழைய இடைவெளி இருப்பதும் கட்டாயம். ஈரம் உறிஞ்சும் வாக்குவம் கிளீனர் கடைசி ஓரிரு லிட்டருக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் ஓட்டையை முழுசாக அடைத்து உறிஞ்ச விட்டால் முன்னே சொன்ன அதே 200 கிலோ கணக்கு எதிர்ப்பக்கம் வேலை செய்யும்.

எச்டிபிஇ பிளாஸ்டிக் மிதவை வைத்திருப்பவர்களுக்கு அரிப்புத் தொல்லை இல்லை, பிளக்கும் பெரும்பாலும் கூடவே வருவதுதான். மரையைக் கெடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தப் பிளாஸ்டிக்கில் சாதாரணப் பசை எதுவும் ஒட்டாது. உள்ளே நுரை அடைத்த மிதவையாக இருந்து, நுரை ஊறிவிட்டது என்றால் எந்தப் பிளக்கும் பம்பும் முழுசாக உதவாது, நுரையை மாற்ற வேண்டியதுதான்.

உறைபனி விழும் ஊர்க்காரர்கள் குளிர்காலத்துக்கு முன் வடித்தே தீர வேண்டும், தண்ணீர் பனிக்கட்டியானால் 9 சதவீதம் பெருக்கும், வெல்டிங் தையல் அதைத் தாங்காது. வடித்த பிறகு பிளக்குகளைத் திரும்ப மாட்டாமல் திறந்தே விட்டு, ஓட்டையில் பூச்சி கூடு கட்டாமல் இருக்க மெல்லிய கம்பிவலைத் துண்டு ஒன்றைச் செருகி வையுங்கள். கழற்றிய பிளக்குகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு இன்ஜின் சாவியோடு சேர்த்துக் கட்டிவிட்டால், பிளக் இல்லாமல் படகை இறக்க வழியே இருக்காது.